தாமிரபரணிக் கரையில் இரண்டு நாள்: திட்டம் போடும்போதே நடக்கும் தவறுகள்

போன மாதம் உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, நீங்கதான் அடிக்கடி நெல்லைப் பக்கம் போறவரு. இது சரியா வருமான்னு பாத்துச் சொல்லுங்க." சனிக்கிழமை காலை நெல்லையில் இறங்கி அகத்தியர் அருவி, காரையாறு, மணிமுத்தாறு, மாலையில் நெல்லையப்பர். ஞாயிறு கிருஷ்ணாபுரம், நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயில்கள், ஆதிச்சநல்லூர், திருச்செந்தூர், இரவு ரயில்.

படித்ததும் மனசு கனத்துப் போனது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எழுதி வைத்திருந்த அதே பட்டியல். கிருஷ்ணாபுரம் மட்டும் புதிது.

தாமிரபரணிக்கென்று கிளம்பி வருகிறவர்கள் குறைவு. குற்றாலத்துக்கும் திருச்செந்தூருக்கும் கன்னியாகுமரிக்கும் போகிற கூட்டம், போகிற வழியில் பாலத்தின் மேலிருந்து ஆற்றைப் பார்த்துவிட்டுப் போய்விடும். பொதிகை மலையில் பிறந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி என்ற இரண்டே மாவட்டங்களில் ஓடி, புன்னைக்காயல் பக்கம் மன்னார் வளைகுடாவில் சேரும் ஆறு இது. நீளம் 125 கிலோமீட்டர் சொச்சம்தான். அதற்கென்றே யாராவது கிளம்பினால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதனால்தான் இந்தப் பட்டியல்களைப் பார்த்தால் சும்மா இருக்க முடிவதில்லை.

துண்டு எடுங்கள், தண்ணீர் பாட்டில் எடுங்கள், டிக்கெட்டை முன்கூட்டியே போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மாதம் பார்க்காமல் தேதி குறிப்பது

மூன்று நாள் விடுமுறை எப்போது வருகிறதோ அப்போது கிளம்புவோம் என்றுதான் பலரும் தேதி குறிக்கிறார்கள். இந்த ஆற்றுக்கு அது சரிப்படாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதற்குத் தண்ணீர் தருகின்றன. கரையிலுள்ள வயல்களும் அதற்கேற்பக் கார், பிசானம் என இரண்டு போகம் விளைகின்றன. ஜூன் வாக்கில் நடவு தொடங்குவது கார். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுவடைக்கு வருவது பிசானம். வயல் பச்சையாக இருக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடும், கரையோரம் முழுக்க உயிரோடு இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் பாறைதான் அதிகம் தெரியும்.

என் கணக்கில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் முதல் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், ஆறு நிறைந்து ஓடும், பிசானம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிற்கும். ஜூன், ஜூலை சாரலும் அருமைதான். ஆனால் குற்றாலக் கூட்டம் அம்பாசமுத்திரம் வரைக்கும் அறைகளை நிரப்பிவிடும்.

நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால், கடைசி நாளில்கூட ரத்து செய்துவிடலாம் என்ற மனதோடு திட்டம் போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் மாட்டி, நூற்றுக்கணக்கான பயணிகள் நிலையத்திலேயே தவித்தார்கள். நெல்லைக்காரர்கள் வெள்ளத்தின் அளவைக் குறுக்குத்துறை முருகன் கோயிலை வைத்துத்தான் சொல்வார்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில் அது. "முருகன் முங்கிட்டாரா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் டிக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

125 கிலோமீட்டர்தானே என்று நினைப்பது

எனக்கு இன்னும் ஆறாத தவறு இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நெல்லையிலிருந்து பாபநாசம் ஐம்பது கிலோமீட்டருக்குள். இந்தப் பக்கம் ஸ்ரீவைகுண்டம் முப்பது. இரண்டு நாளில் மலையடிவாரத்திலிருந்து கடல் வரைக்கும் பார்த்துவிடலாமே என்று கை தானாக எழுதிவிடும். நானும் எழுதினேன். ஒரு வேன், ஒன்பது பேர், அம்மாவும் உண்டு. அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் அந்தப் புளியமரத்தை ஒரு தடவை பார்க்கணும். மற்ற எல்லாம் எங்கள் ஆசை.

முதல் நாள் பாபநாசம் போய்ச் சேரும்போதே பதினொன்று. பாபநாசநாதர் கோயில் படித்துறையில் அவசரக் குளியல். ஈரத்தலையோடு அணைக்கட்டு, அருவி என்று ஓட்டம். இரண்டாம் நாள் காலையில் ஒருவர் கிளம்பத் தாமதம், ஒருவருக்குக் காலை டிபன் தாமதம். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு கோயில், அடுத்து நத்தம். ஆழ்வார்திருநகரி வாசலில் வேன் நின்றபோது மணி பன்னிரண்டே கால். நடை சாத்திவிட்டார்கள். இனிச் சாயங்காலம்தான் திறப்பார்கள். காத்திருந்தால் திருச்செந்தூர் போய்வந்து ரயிலைப் பிடிக்க முடியாது. திருச்செந்தூரில் மதியமும் நடை திறந்திருக்கும், அங்கே போய்விடலாம் என்று வேனில் இருந்த மற்றவர்கள் சொன்னார்கள். நானும் சரி என்றேன். அம்மா சாத்திய கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அடுத்த தடவை பாத்துக்கலாம்டா" என்று ஏறிக்கொண்டார். அடுத்த வருடமே முழங்கால் போய்விட்டது. அந்த அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

வேனுக்குக் கொடுத்த பணம் எனக்கு மறந்துவிட்டது. அந்தக் கும்பிடு மறக்கவில்லை. யாராவது "நவதிருப்பதி, ஆதிச்சநல்லூர், திருச்செந்தூர்" என்று ஒரே நாளில் எழுதிக் காட்டினால் கோபம் வருவது அதனால்தான்.

இந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று அப்புறம் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதலாவது, சாலை ஆற்றோடு போவதில்லை. ஊருக்கு ஊர் போகிறது. ஆற்றைத் தொட வேண்டுமென்றால் ஒவ்வொரு இடத்திலும் பெரிய சாலையை விட்டு இறங்கி, ஊருக்குள் புகுந்து, வாய்க்காலைத் தாண்டி, வயல் வரப்பிலோ தோப்பிலோ கொஞ்சம் நடக்க வேண்டும். போக வர அரை மணி நேரம் போய்விடும். வரைபடம் இதைக் காட்டாது.

இரண்டாவது, இங்கே ஒரு நாள் என்பது முழு நாள் அல்ல. பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் சாத்தி, மாலை நாலரை, ஐந்துக்குத்தான் திறக்கும். வெயிலில் படித்துறை கால் வைக்க முடியாதபடி சுடும். காட்டுப் பக்கம் வனத்துறைச் சோதனைச்சாவடி மாலையில் சீக்கிரமே அனுமதியை நிறுத்திவிடும். ஆக, காலை ஆறு முதல் பன்னிரண்டு ஒரு துண்டு, மாலை நாலரை முதல் இருட்டும்வரை இன்னொரு துண்டு. இரண்டு நாளுக்கு நாலு துண்டு. கடைசித் துண்டை ரயில் தின்றுவிடும். மிச்சம் மூன்று. ஒரு துண்டுக்கு ஒரு இடம், மிஞ்சினால் பக்கத்திலேயே இன்னொன்று. நான் இப்போது இப்படித்தான் திட்டம் போடுகிறேன். கிலோமீட்டரைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே மேல் ஆறா, கீழ் ஆறா என்று முதலில் முடிவு செய்யுங்கள். ரயில் பாதையே அப்படித்தான் பிரிகிறது. செங்கோட்டை பாதையில் போனால் சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். திருச்செந்தூர் பாதையில் போனால் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. மேல் ஆறு என்றால் பாபநாசம், பிரம்மதேசம், திருப்புடைமருதூர் போதும். கீழ் ஆறு என்றால் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, நேரமிருந்தால் ஆதிச்சநல்லூர். நவதிருப்பதி ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் உண்டு. ஆற்றின் இரு கரையிலும் சிதறிக் கிடக்கும் கோயில்கள் அவை. விடிவதற்குள் கிளம்பி, வேறு எதையும் சேர்க்காமல் போனால் முடியும். அது நல்ல யாத்திரை. ஆனால் ஆற்றங்கரையில் உட்கார நேரம் இருக்காது.

குற்றாலத்தையும் சேர்த்துக்கொள்வது

வேண்டாம்.

காட்டுக்குள் இருக்கிற இடத்தை நம்பி முழுத் திட்டத்தையும் போடுவது

அகத்தியர் அருவி, காரையாறு, மணிமுத்தாறு அருவி எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த வனப்பகுதியில் இருக்கின்றன. 1988-இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அங்கே நாம் விருந்தாளிகள். தண்ணீர் அதிகமானால் குளிக்கத் தடை போடுவார்கள். புலிக் கணக்கெடுப்பு என்றால் மூடுவார்கள். ஆடி அமாவாசையை ஒட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டத்தால் போக்குவரத்தையே மாற்றிவிடுவார்கள். காரையாறு அணையில் படகில் போய் பாணதீர்த்த அருவி பார்த்த கதையைப் பழைய ஆட்கள் சொல்லக் கேட்டு அதே ஆசையில் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அனுமதி நின்று பல வருடமாகிறது.

சாவடியில் நின்று வாக்குவாதம் செய்கிற குடும்பங்களைப் பார்க்கும்போது பாவமாக இருக்கும். பணியில் இருக்கிற காவலர் என்ன செய்வார்? கிளம்பும் முந்தைய நாள் தங்கும் விடுதியில் கேட்டாலே நிலவரம் சொல்லிவிடுவார்கள். அருவி திறந்திருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை என்கிற மாதிரி திட்டம் இருக்க வேண்டும்.

திருப்புடைமருதூரைத் தாண்டிப் போவது

வீரவநல்லூர்ப் பக்கம் உள்ளே தள்ளி இருப்பதால் யார் பட்டியலிலும் இது வருவதில்லை. நாறும்பூநாதர் கோயில். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம். ராஜகோபுரத்தின் உள்ளே தளம் தளமாக மரச்சிற்பமும் பழைய சுவரோவியமும் இருக்கின்றன. மேலே ஏற அனுமதி கேட்க வேண்டும். காலையில் கூட்டமில்லாத நேரத்தில், பொறுமையாகக் கேளுங்கள். ஊர் மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டும் காலத்தில் போனால் சத்தம் காட்டாதீர்கள். அந்தப் பறவைகளை ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள்.

பழைய துணியை ஆற்றில் விடுவது

யார் என்ன பரிகாரம் சொன்னாலும், விடாதீர்கள்.

அமைதியாக ஓடுகிறதே என்று இறங்குவது

சேரன்மகாதேவிப் பக்கம் ஒருமுறை, படித்துறையில் ஆள் அதிகம் என்று நாங்கள் நாலு பேர் கொஞ்சம் தள்ளி இறங்கப் போனோம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி கத்தினார்: "ஏய்யா, அங்கன போவாதிய, கசம் கெடக்கு!" கசம் என்றால் ஆற்றுக்குள் இருக்கும் ஆழமான பள்ளம். மேலே பார்த்தால் முழங்காலளவு தண்ணீர் மாதிரிதான் இருந்தது. நாலு பேரில் இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. அந்த ஆச்சிக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

மணல் அள்ளிய இடங்களில் இப்படிப் பள்ளங்கள் உண்டு. ஓர் அடி எடுத்து வைத்தால் இடுப்பளவு, அடுத்த அடியில் தலைக்கு மேல். அப்புறம் அணைக்கட்டுகள், அதாவது தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்ப ஆற்றின் குறுக்கே கட்டிய தாழ்வான சுவர்கள். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை இந்த ஆற்றில் எட்டு இருக்கின்றன. அவற்றின் மேல் தண்ணீர் மெல்லிசாக வழியும்போது நடந்து பார்க்கத் தோன்றும். பாசி வழுக்கும். கீழே விழுகிற தண்ணீர் அங்கேயே சுழன்று, விழுந்தவரைத் திரும்பச் சுவரை நோக்கி இழுக்கும். நீச்சல் தெரிந்தவரும் அதில் மாட்டியிருக்கிறார்கள். பாபநாசத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மேலே அணையும் மின் நிலையமும் இருக்கின்றன. தண்ணீர் கூடுதலாகத் திறந்துவிட்டால், வானம் தெளிவாக இருக்கும்போதே ஆற்றின் மட்டம் ஏறும். பாறையின் நடுவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெரியவராது.

உள்ளூர் ஆட்கள் குளிக்கிற படித்துறையில், அவர்கள் நிற்கிற ஆழத்தில் குளியுங்கள். குழந்தைகளோடு ஒரு பெரியவர் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே நிற்கட்டும். கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது போதாது.

மேல் ஆற்றுக்குப் போய்விட்டு நெல்லையில் தங்குவது

விடியற்காலையில் ஆற்றைப் பார்க்க உங்களுக்குக் கிடைக்காது. அம்பாசமுத்திரத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ அறை எடுங்கள். கீழ் ஆற்றுக்கு நெல்லையோ திருச்செந்தூரோ சரிதான்.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் உட்கார வைத்துச் சொன்னேன். திருத்திய திட்டம் நேற்று வந்தது. சனி காலை பிரம்மதேசம், மாலை திருப்புடைமருதூர், அம்பாசமுத்திரத்தில் தங்கல், ஞாயிறு காலை பாபநாசம். மதியத்துக்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. ஞாயிறு காலை எத்தனை மணிக்கு அறையை விட்டுக் கிளம்புவீர்கள் என்று கேட்டேன். எட்டு என்றார். ஐந்தரை என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன்.