தேடல் பெட்டியில் பொன்னி சிக்கவில்லையா? தமிழ் வலைப்பக்கத்துக்கு முதலில் செய்ய வேண்டியவை

மன்னார்குடிப் பக்கம் விதைநெல் விற்கும் கடை ஒன்றுக்கு வலைப்பக்கம் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ரகங்களின் பட்டியல், ஊர்ப் பட்டியல், ஒரு தேடல் பெட்டி, அவ்வளவுதான். ஆரம்பப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர்களை வைத்தே சொல்லிக்கொடுப்பதால், அங்கே ஒழுங்காக ஓடுகிற நிரல் (கோட்) பொன்னி, பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா என்று வந்ததும் தடுமாறும். நிரலை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், எடிட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் என்கோடிங், அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. விஎஸ் கோட் எடிட்டரில் கீழே வலது மூலையில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஹெட் டேகுக்குள் முதல் வரியாக மெட்டா சார்செட் வரியைப் போடுங்கள், அது கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வந்தாக வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று சொல்ல எச்டிஎம்எல் டேகில் லேங்='டிஏ'. பக்கத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில ஏக்கள் வரிசையாக வந்தால் கோளாறு இந்த இடத்தில்தான். டேட்டாபேஸ் மைசீக்வல் என்றால் யுடிஎஃப்8எம்பி4 வையுங்கள். பழைய யுடிஎஃப்8இல் ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் இடம். தமிழ் அதில் அடங்கிவிடும், ஆனால் யாராவது நெற்கதிர் ஈமோஜி போட்டால் அது 4 பைட், சேமிக்காது.

கடைக்காரர் ரகப் பட்டியலை எக்செலில்தான் தருவார். அதை ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று சேமியுங்கள். அந்தக் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும், முதல் நெடுவரிசையின் தலைப்பு மட்டும் பொருந்தாமல் போனால் அதைத்தான் நீக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். பிரவுசர் கன்சோலில் இதை அடியுங்கள்:

'பொன்னி'.லெங்த்

விடை 6. நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ப, ஒகரக் குறி, ன, புள்ளி, ன, இகரக் குறி. சில சமயம் 7 வரும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இதைப் பார்க்கலாம். ஒகரக் குறி ஒன்றாக இல்லாமல் எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். திரையில் இரண்டும் ஒன்றேபோல் இருக்கும், ஆனால் தேடினால் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது, கடைக்காரர் ‘சரக்கு இருக்கு, வரலையே’ என்பார். மருந்து இது:

பெயர்.நார்மலைஸ்('என்எஃப்சி')

என்எஃப்சி என்பது பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவம். சேமிக்கும்போதும் செய்யுங்கள், தேடல் பெட்டியில் அடிப்பதற்கும் செய்யுங்கள்; ஒரு பக்கம் மட்டும் செய்தால் பலனில்லை. இதற்கும் மசியாத ஒன்று ‘ஸ்ரீ’. நம் ஊர்க் கடைப் பெயர்ப் பலகைகளில் அது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதை ஸ் வைத்தும் அடிக்கலாம், 2005இல் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொது அட்டவணையில்) சேர்ந்த ஶ் வைத்தும் அடிக்கலாம், உருவம் ஒன்றுதான். என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது, நீங்களே ரீப்ளேஸ் போட்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பெயரை மூன்று எழுத்தோடு சுருக்க ஸ்லைஸ் போட்டால் ‘பொன’ என்று நிற்கும், புள்ளி போய்விடும். எழுத்தாகப் பிரிக்க:

[...நியூ இன்டல்.செக்மென்டர்('டிஏ').செக்மென்ட்(பெயர்)].ஸ்லைஸ்(0, 3).மேப்(எ => எ.செக்மென்ட்).ஜாயின்('')

இன்டலுக்கும் செக்மென்டருக்கும் முதல் எழுத்து கேப்பிட்டல், நடுவில் வரும் செக்மென்ட் ஸ்மால். குரோமில் 2020 முதல் இருக்கிறது, ஃபயர்பாக்ஸில் 2024இல்தான் வந்தது, எனவே பழைய பிரவுசருக்கு மாற்று வழி வேண்டும். க்ஷவை இது க், ஷ என்று இரண்டாகவே எண்ணும், அதில் எனக்குக் குறையில்லை.

ஊர்ப் பட்டியலை வரிசைப்படுத்த வெறும் சார்ட் போட்டால் மன்னார்குடி முதலிலும் மயிலாடுதுறை பின்னாலும் வரும். யூனிகோட் அட்டவணையில் ன இருப்பது நவுக்கும் பவுக்கும் நடுவில், நம் வரிசையிலோ அது கடைசி. இப்படி எழுதுங்கள்:

ஊர்கள்.சார்ட்(நியூ இன்டல்.கொலேட்டர்('டிஏ').கம்பேர்)

மயிலாடுதுறை முன்னால் வந்துவிடும். சர்வரில் நோட்.ஜேஎஸ் வைத்துச் செய்வதானால் அது 13 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பாக இருக்கட்டும், அதற்கு முந்தையவற்றில் தமிழுக்கான வரிசை விதிகள் முழுதாகத் தானாக வராது.

கடைசியாகப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ். லைன்-ஹைட் 1.6இலிருந்து 1.8க்குள் வையுங்கள், இல்லையென்றால் மேல் வரியின் கீழ்க்கொக்கி அடுத்த வரியின் சுழியில் போய் இடிக்கும். நீளமான பெயர் வெளியே வழியாமல் மடிய, பட்டன்களுக்கு ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர். சோதிக்க ‘திருத்துறைப்பூண்டி’ போட்டுச் சின்னப் போனில் திறந்து பாருங்கள், சென்னை என்று போட்டுப் பார்த்தால் எதுவும் தெரியாது.