பஸ் தடத்தில் கார் எப்போது இறங்கலாம்?

பதினாறு வருஷம் பஸ் ஓட்டிவிட்டு, இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது பஸ் தடத்தில்தான், அதாவது சாலையில் பஸ்ஸுக்கென்று கோடு போட்டு ஒதுக்கிய பகுதியில்.

முதலில் பலகையைப் பாருங்கள். தடம் தொடங்கும் இடத்திலேயே இருக்கும். கிழமையும் நேரமும் போட்டிருந்தால் தடை அந்த நேரத்துக்கு மட்டும். மற்ற நேரத்தில் தாராளமாகப் போகலாம். பிரிட்டனில் நேரமே போடாத நீலப் பலகை என்றால் 24 மணி நேரமும் தடை. சிங்கப்பூரில் கோட்டின் நிறத்தையும் பார்க்கவேண்டும்: மஞ்சள் கோடு மட்டும் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 6.30 – 9.30, மாலை 5 – 8. கூடவே சிவப்புக் கோடும் ஓடினால் முழுநாள் தடம். கார் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம் முந்தி ஓடும் கடிகாரத்தை நம்பி இறங்கினால் கேமரா விடாது.

சைக்கிள், டாக்சி, பைக்குக்கு அனுமதி உண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும். பலகையில் படம் இருந்தால் உண்டு. ஆப்பில் கூப்பிடும் கார் எல்லா ஊரிலும் டாக்சிக் கணக்கில் வராது; லண்டனில் பெரும்பாலான தடங்களில் கறுப்பு டாக்சி போகலாம், மற்ற வாடகைக் கார் போகக்கூடாது.

பஸ் தடத்தைக் கடந்து திரும்பவேண்டுமா? முழுக்கோட்டைத் தாண்டாதீர்கள். சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால் கோடு விட்டுவிட்டு வரும், அல்லது தடமே முடிந்துவிடும். அதுவரை பொறுத்து, கண்ணாடியைப் பார்த்து, தலையைத் திருப்பி சைக்கிள் வருகிறதா என்றும் பார்த்துவிட்டு நுழையுங்கள். பின்னால் பஸ் வந்தால் அதை முதலில் விடுங்கள்.

இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மாலை, சிக்னல் போட்ட கையோடு ஒரு கார் என் மூக்குக்கு முன்னால் நுழைந்தது. பிரேக்கை மிதித்தேன், மோதவில்லை. ஆனால் அப்போதுதான் ஏறி, கம்பியைப் பிடிக்கக் கை நீட்டிய ஒரு அம்மா விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது. கார்காரர் பாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். அவருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. காரில் எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். பஸ்ஸில் பாதிப்பேர் நின்றுகொண்டு வருகிறார்கள்.

தவறி நுழைந்துவிட்டால் பதறி ஒடிக்காதீர்கள். சிக்னல் போட்டு, பக்கத்துத் தடத்தில் இடம் கிடைத்ததும் வெளியே வாருங்கள். போலீஸ்காரர் கை காட்டி அந்தத் தடத்தில் போகச் சொன்னால் போகலாம்.

ஆள் இறக்கிவிட மட்டும் அங்கே நிறுத்தவே நிறுத்தாதீர்கள், முக்கியமாக ஸ்டாப் பக்கத்தில். உங்கள் கார் நின்றால் பஸ் நடைமேடையை ஒட்டி வரமுடியாது. சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை இறக்கினால் அது நடைமேடையில் படியவேண்டும். இரண்டடி தள்ளி நின்றாலும் அந்தப் பயணி ஏறமுடியாமல் நிற்பார்.