செட்டிநாட்டு உப்புத் தண்ணீருக்கு எந்த வாஷிங் மெஷின்? முதன்முறை வாங்குபவர்களுக்கு

வாஷிங் மெஷின் வாங்க நினைத்ததும் காரைக்குடிக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். அதற்கு முன் உங்கள் வீட்டுக் குழாயடியில் கால் மணி நேரம் வேலை இருக்கிறது. நம் பக்கத்தில் துணி வெளுப்பதும் பழுப்பதும் மெஷினை மட்டும் பொறுத்ததில்லை, தண்ணீரையும் பொறுத்தது. கண்டனூரில் எங்கள் பெரியம்மா வீட்டில் 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஃபிரண்ட் லோடு, அதாவது முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடும் மெஷின் வாங்கினார்கள். விற்றவர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குள் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியெல்லாம் சாம்பல் பூத்துப் போயிற்று. அந்த வருத்தம் இன்னொரு வீட்டுக்கு வேண்டாம்.

படி 1: தண்ணீரைப் பாருங்கள்

ஒரு லிட்டர் பாட்டிலில் பாதி அளவு போர் தண்ணீர் பிடியுங்கள். குளியல் சோப்பிலிருந்து ஐந்தாறு சீவல் சீவிப் போட்டு, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். சலவைத்தூள் வேண்டாம், அது உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைத்து ஏமாற்றிவிடும். இன்னொரு பாட்டிலில் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்து அதையும் இப்படியே குலுக்கிப் பக்கத்தில் வையுங்கள். நல்ல தண்ணீரில் நுரை மோர் கடைந்த மாதிரி பொங்கி நிற்கும். உப்புத் தண்ணீரில் நுரை சட்டென்று அடங்கி, திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும்.

தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்புடன் சேர்ந்துதான் அந்தத் துணுக்குகள் உண்டாகின்றன. அவை துணி இழையில் ஒட்டிக்கொள்வதால்தான் வேட்டி பழுக்கிறது, துண்டு மொடமொடக்கிறது. துல்லியமான அளவு வேண்டுமென்றால் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துக் கடினத்தன்மையை, அதாவது இந்த உப்புகளின் அளவை, பார்க்கச் சொல்லுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலை குறைவு. கிராமங்களில் போரை நம்பியிருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

படி 2: குழாயின் வேகம்

மெஷின் வைக்கப்போகும் இடத்துக் குழாயில் 10 லிட்டர் வாளியை வைத்து, எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிறைந்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் தானாகத் தண்ணீர் பிடிக்கும் மெஷின் பாதியிலேயே நின்று கூப்பாடு போடக்கூடும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் ஓட்டுக் கூரை மேல் தொட்டி ஏற்ற முடியாமல், பின்கட்டில் தாழ்வான மேடையில் வைத்திருப்பார்கள். அங்கேதான் சிக்கல். மெஷினின் கையேட்டில் குறைந்தபட்ச நீரழுத்தம் 0.3 பார் என்று போட்டிருந்தால், குழாயிலிருந்து தொட்டி சுமார் 3 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும் என்று பொருள்.

படி 3: எந்த வகை?

தண்ணீர் உப்பு, தொட்டியும் தாழ்வு என்றால் யோசிக்காமல் செமி ஆட்டோமேட்டிக் (துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என இரண்டு தொட்டி உள்ள மெஷின்) வாங்குங்கள். சுமார் 8,000 முதல் 13,000 ரூபாய்க்குள் கிடைக்கும். வாளியிலும் தண்ணீர் ஊற்றலாம், காலர் அழுக்கை நடுவில் எடுத்துக் கசக்கிவிட்டுத் திரும்பப் போடலாம், அலசுவதற்கு மட்டும் நல்ல தண்ணீர் விடலாம். உப்புத் தண்ணீர் ஊரில் இந்தக் கடைசி வசதி பெரிய விஷயம். துவைத்த துணியைப் பக்கத்துத் தொட்டிக்குக் கையால் மாற்ற வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிரமம். இடுப்பு வலி உள்ள ஆச்சிமார் இருக்கும் வீட்டில் அதையும் யோசியுங்கள்.

தண்ணீர் சுமார், வேகம் உண்டு என்றால் டாப் லோடு, அதாவது மேல்மூடி வழியாகத் துணி போடும், தானாகத் தண்ணீர் பிடிக்கும் மெஷின். 13,000 முதல் 20,000 வரை ஆகும். ஃபிரண்ட் லோடு தண்ணீரை மிச்சப்படுத்தும், அழுக்கையும் நன்றாக எடுக்கும். ஆனால் அதன் ஹீட்டரில் உப்புப் படியும், விலையும் பெரும்பாலும் 22,000-க்கு மேல். நல்ல தண்ணீர் உள்ள வீட்டுக்கு மட்டும்தான் அதைச் சொல்வேன்.

படி 4: எத்தனை கிலோ?

மெஷினில் போட்டிருக்கும் கிலோ காய்ந்த துணியின் எடை. ஒரு நாள் அழுக்குத் துணியைப் பையில் கட்டிப் பழைய பேப்பர்காரர் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஜீன்ஸ் ஒன்று முக்கால் கிலோ வரை வரும், இரட்டைப் படுக்கை விரிப்பு ஒரு கிலோவை எட்டும். நான்கு பேர் வீட்டுக்கு 7 கிலோ போதும். தொட்டியை முக்கால் பங்குக்கு மேல் அடைக்காதீர்கள், துணி புரள இடமில்லாவிட்டால் அழுக்குப் போகாது.

துணி பிழியும் சுற்று வேகத்துக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 700 சுற்றே போதும். வளவில் (நடு முற்றத்தில்) விழும் வெயிலில் ஒரு மணி நேரத்தில் துண்டு காய்ந்துவிடுகிறது.

படி 5: கரண்டும் தரையும்

பழைய வீட்டு வயரிங்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஈரக்கையோடு தொடும் பொருள், இதில் விளையாட்டு வேண்டாம். ஹீட்டர் உள்ள மெஷினுக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் நேரடியாக வைக்காமல், அடியில் ரப்பர் பாதங்கள் கொடுங்கள். அதிர்வில் மெஷின் நகர்ந்தால் அந்தப் பளபளப்பில் கோடு விழும்.

படி 6: கடையில்

மெஷினில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன நட்சத்திர வில்லையில் ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் என்று போட்டிருக்கும், அதை வைத்து ஒப்பிடுங்கள். அப்புறம், சர்வீஸ் ஆள் காரைக்குடியிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்து வர வேண்டுமா என்று கேளுங்கள். நான் விலையைவிட இதைத்தான் முதலில் கேட்பேன்.

படி 7: முதல் துவைப்பு

ஃபிரண்ட் லோடு என்றால் கொண்டுவரும்போது டிரம் ஆடாமலிருக்கப் பின்பக்கம் மாட்டியிருக்கும் போக்குவரத்து போல்ட்டுகளைக் கழற்றிவிட்டார்களா என்று பாருங்கள். எந்த மெஷினானாலும் முதலில் துணியில்லாமல் ஒரு முறை ஓட்டுங்கள். உப்புத் தண்ணீர் வீட்டில், பருத்தித் துணிக்கு மட்டும், சலவைத்தூளோடு இரண்டு தேக்கரண்டி சலவை சோடா சேர்த்தால் வெளுப்பில் வித்தியாசம் தெரியும். பட்டுக்குப் போடாதீர்கள்.

புதுக் கண்டாங்கிச் சேலையை மட்டும் மெஷினில் போட வேண்டாம். அதன் செங்கல் சிவப்பு முதல் இரண்டு மூன்று அலசலில் இறங்கக்கூடும். குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயம் நின்றபின் வலைப்பைக்குள் வைத்து மென்மையான ஓட்டத்தில் போடலாம்.