*ஃபரன: ஒரு தொல்ஜெர்மானிய வினைச்சொல்லை மீட்டெடுப்பது எப்படி?

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு முதலியவற்றின் மூலமொழியான தொல்ஜெர்மானியத்தில் எழுதிய நூல் எதுவும் இல்லை. பிள்ளைமொழிகளை ஒப்பிட்டே அதன் சொற்களை மீட்கிறோம். மீட்ட வடிவத்தின் முன் உடுக்குறி (*) இடுவது மரபு. 'பயணம் செய்' என்று பொருள்படும் *ஃபரன என்ற வினையைப் பார்ப்போம்.

படி 1: மிகப் பழைய வடிவங்களைத் திரட்டுங்கள். 4-ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா மொழிபெயர்த்த விவிலியத்தின் மொழியான கோத்திக்கில் ஃபரன். பழைய ஆங்கிலம், பழைய உயர் ஜெர்மன் இரண்டிலும் ஃபரன். ஸ்காண்டிநேவிய மொழிகளின் முன்னோடியான பழைய நார்ஸில் ஃபர. இன்றைய வடிவங்களிலிருந்து தொடங்கினால் இடையில் நடந்த மாற்றங்கள் குழப்பிவிடும்.

படி 2: ஒலிக்கு ஒலி அடுக்குங்கள். ஃப், அ, ர் எங்கும் ஒன்றே. நார்ஸில் மட்டும் ஈற்று 'ன்' இல்லை. அம்மொழியின் வினையெச்சம் எல்லாமே அதை இழந்தவை என்பதால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். *ஃபரன வடிவத்தின் கடைசி அகரம் மூக்கொலி உள்ளது. வினையில் அது எங்கும் எஞ்சவில்லை. ஆனால் டென்மார்க்கில் கிடைத்த கல்லெஹூஸ் பொற்கொம்பின் ரூனிக் (பழைய ஜெர்மானிய எழுத்து) பொறிப்பில் 'ஹொர்ன' (கொம்பு) என்ற சொல்லில் அதே ஈறு நிற்கிறது.

படி 3: இறந்தகாலத்தையும் சோதியுங்கள். பழைய ஆங்கிலம், நார்ஸ்: ஃபோர். பழைய உயர் ஜெர்மன்: ஃபுவோர். அம்மொழியில் நெடில் ஓகாரம் 'உவோ' ஆவது வழக்கம். எனவே மூலம் *ஃபோர். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அ–ஓ மாற்றம் தெரியாமல் வினையின் வகுப்பை (உயிரொலி மாறும் முறைப்படி வினைகளைப் பிரிக்கும் பிரிவு) தீர்மானிக்க முடியாது.

படி 4: பின்னோக்கிப் போங்கள். மொழியியலாளர்கள் ராஸ்க் 1818-லும் கிரிம் 1822-லும் காட்டிய விதிப்படி, ஜெர்மானியம், லத்தீன், கிரேக்கம் முதலியவற்றின் பொது மூலமான இந்தோ-ஐரோப்பிய மொழியின் 'ப்' ஜெர்மானியத்தில் 'ஃப்' ஆகும் (லத்தீன் பிஸ்கிஸ், ஆங்கிலம் ஃபிஷ்). குறில் ஒகரம் அகரமாகும். ஆக வேர் *பெர்-, *பொர்-: 'கடந்து செல்'. கிரேக்கத்தில் 'பொரொஸ்' (கடக்கும் வழி), லத்தீனில் 'பொர்த்துஸ்' (துறைமுகம்) இதே வேரின.

படி 5: வழித்தோன்றல்களைப் பிரித்தறியுங்கள். ஜெர்மன் ஃபாரென் வண்டியில் செல்வது. டச்சு ஃபாரென் கப்பலில் செல்வது. ஐஸ்லாந்திய ஃபாரா பொதுவாகச் செல்வது. ஆங்கில 'ஃபேர்வெல்' என்பதன் முற்பாதி இவ்வினையே. 'செல்லவை' என்ற பிறவினை வடிவம் ஜெர்மனில் ஃப்யூரென் (வழிநடத்து) ஆயிற்று.

அதிகம் தவறு நேர்வது இங்கேதான். ஆங்கில 'போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்' ஆகியவற்றில் 'ப்' மாறாமல் இருக்கிறது. அவை லத்தீன் வழி வந்த கடன்சொற்கள். 'ஃபியோர்ட்' சொல்லில் 'ஃப்' இருந்தாலும் ஆங்கிலம் அதை நார்வேஜியனிடமிருந்து வாங்கியது. உள்ளூர்ச் சொல் 'ஃபோர்ட்' (ஆற்றைக் கடக்கும் துறை). வேர் ஒன்றாயினும் இவை *ஃபரன வினையின் பிள்ளைகள் அல்ல, உறவினர்கள். சொற்களின் குடும்ப மரம் வரையும்போது இவற்றைத் தனிக்கிளையில் வையுங்கள்.