பழைய வயலின் வில்லின் வயதையும் ஊரையும் கண்டுபிடிப்பது எப்படி?

மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைக் கிளறினால் ஒரு வயலின் பெட்டி அகப்படும். எல்லோரும் வயலினைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். மூடியில் செருகியிருக்கும் வில்லை யாரும் சீண்டுவதில்லை. சில சமயம் வயலினைவிட வில் ஒசத்தியாக இருக்கும்!

ஒரு பூதக்கண்ணாடி, செல்போன் டார்ச், மெல்லிய பருத்தித் துணி போதும். ஒரே நிபந்தனை: வில்லில் பொறித்த பெயர் இருந்தால் அதைக் கடைசியில் படியுங்கள்.

முதலில் முடி. அறுந்து தொங்குவதால் வில் ரொம்பப் பழசு என்று ஆகாது. மூடியே கிடக்கும் பெட்டியில் சின்ன வண்டுகளின் புழு குதிரைமுடியைத் தின்றுவிடும். வாசித்த வில்லில் முடி பலமுறை மாறியும் இருக்கும். இதை வைத்து வயது சொல்ல முடியாது.

அடுத்து வளைவு. குச்சியின் அடிமுனையில் இருக்கும் திருகைத் தளர்த்திவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். குச்சி முடியை நோக்கி உள்ளே வளைந்திருந்தால் அது நவீன வடிவம். நீளம் 74, 75 செ.மீ., எடை 60 கிராமை ஒட்டி இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிஸில் ஃப்ரான்ஸ்வா தூர்த் என்ற வில் கைவினைஞர் நிலைநிறுத்திய அமைப்பு இது. கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையை ஒட்டிய மணலியில் வயலின் கற்ற காலத்தை ஒட்டித்தான் ஐரோப்பாவில் இது பரவியது. அதனால் நம் வீடுகளில் கிடைப்பது அநேகமாக இந்த வடிவம்தான்.

மரத்தைத் துணியால் துடைத்துவிட்டு, கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த இடத்தைப் பாருங்கள். அங்கே மட்டும் வெளிறிப்போயிருந்தால் சாயம் பூசிய மலிவு மரம். அங்கும் செம்பழுப்பாக, இழை நெருக்கமாக இருந்தால் பிரேசிலின் பெர்னம்புகோவாக இருக்கலாம். நல்ல வில்லுக்கு அதுதான் மரம்.

இப்போது முக்கியமான இடம்: முடியை இழுத்துப் பிடிக்கும் ஃப்ராக். திருகை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்தால் திருகு முழுசாக வெளியே வரும். ஃப்ராகை மெதுவாகக் குச்சியிலிருந்து விலக்குங்கள். முடி அதோடு ஒட்டியே இருக்கும். ஃப்ராகைத் திருப்பிவிடாதீர்கள், முடி முறுக்கிக்கொண்டால் பெரிய தலைவலி. குச்சியில் ஒரு பள்ளம் தெரியும், டார்ச் அடித்துப் பாருங்கள். மூலைகள் சதுரமாக, உளித் தடத்தோடு இருந்தால் கைவேலை. இரண்டு முனையும் உருண்டு வழவழவென்று இருந்தால் மெஷின் வேலை. உள்ளே பென்சில் எழுத்து இருந்தால் உடனே படம் எடுங்கள். ஃப்ராகின் உலோகம் கறுத்திருந்தால் வெள்ளியாக இருக்கலாம், மஞ்சள் பாய்ந்திருந்தால் அநேகமாக வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர் என்ற நிக்கல் கலவை. மலிவான வில்லுக்கு யாரும் வெள்ளியை வீணாக்க மாட்டார்கள்.

நுனித் தகட்டில் குட்டிக் குட்டிக் கரும்புள்ளிகள் தெரிந்தால் எலும்பு. தந்தம் என்று சந்தேகம் வந்தால் விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், நம் நாட்டில் தந்த வியாபாரத்துக்குத் தடை. கைப்பிடிச் சுற்று பெரும்பாலும் பிற்பாடு மாற்றியதாகவே இருக்கும், அதில் மெனக்கெட வேண்டாம்.

சரி, இப்போது பெயரைப் படிக்கலாம். 'தூர்த்' என்று பொறித்திருந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். ஜெர்மனியில் மார்க்நொய்கிர்ஷன் பக்கத்துப் பட்டறைகள் அந்தப் பெயரை அடித்து ஏராளமான வில்களை அனுப்பின. பள்ளம் மெஷின் வேலை, உலோகம் ஜெர்மன் சில்வர், பெயர் மட்டும் தூர்த் என்றால் எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும். வெறும் 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அநேகமாக 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த வருஷம் நடைமுறைக்கு வந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949க்கும் 1990க்கும் நடுவே.

பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாள், வார்னிஷ் பக்கம் போய்விடாதீர்கள். பள்ளம் கைவேலை, உலோகம் வெள்ளி என்று பட்டால், முடி மாற்றக் கொடுப்பதற்கு முன்பே விவரம் தெரிந்த ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். ஃப்ராகைக் கழற்றி எடுத்த படங்களையும் கொண்டுபோங்கள், கூட்டமான கடையில் அதைப் பிரித்துப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.