மாரியோ பிரியர் இல்லாத வீட்டுக்கு சுவிட்ச் 2 தேவையா? பார்த்து வாங்கும் முறை

புதிய கன்சோல், அதாவது வீடியோ கேம் ஆடும் கருவி ஒன்று வந்தால் அதன் ரசிகர்கள் எப்படியும் வாங்கிவிடுவார்கள். நின்டெண்டோ சுவிட்ச் 2, 2025 ஜூன் 5இல் வெளியாகி நான்கே நாளில் 3.5 மில்லியனைத் தாண்டி விற்றது. அந்த எண்ணை வைத்து உங்கள் வீட்டுக்கு முடிவெடுக்க வேண்டாம். இதே நிறுவனத்தின் பழைய கன்சோலான வீ (Wii) 101 மில்லியனுக்கு மேல் விற்றது. அடுத்து 2012இல் வந்த வீ யூ (Wii U) 13.5 மில்லியனோடு நின்றுவிட்டது. நின்டெண்டோ கேம்களின் புகழ்பெற்ற பாத்திரங்களான மாரியோவும் செல்டாவும் இரண்டிலும் இருந்தார்கள். ஆனால் வீயில் கையை வீசினாலே டென்னிஸ் ஆடலாம் என்பதால், கேம் பக்கமே போகாத பாட்டிமாரும் எழுந்து நின்று ஆடினார்கள்.

ரசிகர் அல்லாதவருக்கு என்ன மிஞ்சும் என்று பார்க்க நான் செய்வது இதுதான். அந்தக் கன்சோலுக்கு வந்த கேம்களைத் தாளில் எழுதி, நின்டெண்டோவே தயாரித்தவற்றை அடித்துவிடுவேன். மாரியோ கார்ட் வேர்ல்ட், டொங்கி கொங் பனான்சா எல்லாம் போனபின் சைபர்பங்க் 2077, ஹொக்வார்ட்ஸ் லெகசி, கால்பந்து கேமான எஃப்சி 26 போன்றவை மிஞ்சும். அவை சோனியின் கன்சோலான பிளேஸ்டேஷன் 5இலும் உண்டு. ஏற்கெனவே அது வீட்டில் இருந்து, நீங்கள் எஃப்சி மட்டும்தான் ஆடுவீர்கள் என்றால் காசைச் சேமியுங்கள்.

ஆனால் சுவிட்ச் 2ஐ டிவி இல்லாமலே கையில் எடுத்துக்கொண்டு ஆடலாம் என்பதைச் சின்னக் காரணமாக நினைக்காதீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுடையது சிறிய தொடர்மாடி வீடு. மாலையானால் டிவி அம்மாவின் நாடகங்களுக்குத்தான். அவரிடம் டிவியைக் கேட்காமல் 7.9 அங்குலத் திரையில் ஆட முடிவது எங்களுக்குப் பெரிய நிம்மதி. சார்ஜ், கேமைப் பொறுத்து 2 முதல் 6.5 மணிநேரம் நிற்கும் என்கிறது நிறுவனம். கனமான கேம் என்றால் குறைந்த கணக்கையே எதிர்பாருங்கள்.

அடுத்தது வீட்டாரை வைத்துப் பார்ப்பது. தெரிந்தவரிடம் சில வாரங்களுக்கு இரவல் கேளுங்கள். பெரியம்மா பிள்ளைகள் வரும் ஞாயிற்றுக்கிழமை மாரியோ கார்ட்டைப் போட்டு, ஒரே டிவியில் நான்கு பேரை ஆடவிடுங்கள். முதல் மணிநேரத்துச் சிரிப்பை நம்பாதீர்கள், புதுச் சாமான் என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் "அது எங்கே?" என்று யார் கேட்கிறார் என்று கவனியுங்கள். ஏற்கெனவே மாரியோ டீசேர்ட் போடுகிற பையன் கேட்டால் கணக்கில் சேராது. கேமே ஆடாத மச்சாளோ சித்தப்பாவோ கேட்டால் தாராளமாக வாங்கலாம்.

சரி, வாங்கப் போகிறீர்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ வேறெங்கோ, விலை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்; பெட்டி எந்த நாட்டுக்கானது என்றும் கேளுங்கள். ஜப்பானில் விற்கும் மலிவான வகையின் விலை 2025இல் வெளியானபோது 49,980 யென். பல மொழி வகை அப்போது 69,980 யென். மலிவானதில் மெனு முழுவதும் ஜப்பானிய மொழி, அதில் இணைக்கும் நின்டெண்டோ இணையக் கணக்கும் ஜப்பான் கணக்காக மட்டுமே இருக்க வேண்டும். தீவிர ரசிகர் அதையும் சமாளிப்பார், வீட்டிலுள்ள மற்றவர்கள் தொடமாட்டார்கள். ஆகவே கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி, மொழிப் பட்டியலைக் கண்ணால் பாருங்கள். மற்ற நாட்டுப் பெட்டி என்றால் பிளக் நம் சுவருக்குப் பொருந்துமா என்றும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மேல்செலவு. மாரியோ கார்ட் வேர்ல்ட் மட்டுமே 2025இல் வெளியானபோது அமெரிக்காவில் 79.99 டொலர். பழைய மைக்ரோ எஸ்டி மெமரி கார்டில் சுவிட்ச் 2 கேம்களைப் போட முடியாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகை வேண்டும். கடையில் வாங்கும் சில கேம் கார்டுகளில் கேமே இருக்காது. அது வெறும் சாவி மாதிரி, கேமை முழுவதுமாக இணையத்தில் இறக்க வேண்டும், ஆடும்போது கார்டும் உள்ளே இருக்க வேண்டும். மாதத்துக்கு இவ்வளவுதான் டேட்டா என்று இருக்கும் வீடுகளுக்கு இது பெரிய சுமை. அப்படிப்பட்ட கார்டின் உறையில் முன்பக்கம் கீழே சாவிப் படம் இருக்கும். அதைப் பார்த்தபின் காசைக் கொடுங்கள்.