மெட்டல் ஃபோமுக்கு சிமுலேஷன்: ஊட்டிக் காற்றில் அளப்பவர்களுக்கு

அலுமினிய ஃபோம் பார்க்க பீர்க்கங்காய் நாரை உலோகத்தில் வார்த்தது மாதிரி இருக்கும், நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் ஓட்டைதான். அதற்குள் காற்று எப்படிப் போகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட, ஒவ்வொரு ஓட்டைக்கும் மெஷ் (இடத்தைக் குட்டிக் கட்டங்களாகப் பிரிப்பது) போடப் போனால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். ஃபோம் இருக்கும் இடத்தை வெறும் பெட்டியாக வரைந்து, போரஸ் ஸோன் (ஓட்டை நிறைந்த பகுதி) என்று சாஃப்ட்வேரிடம் சொல்லி, இரண்டு எண் கொடுங்கள்: விஸ்கஸ் தடை (காற்றின் பாகுநிலையால் வருவது, வேகத்தோடு ஏறும்), இனெர்ஷியல் தடை (காற்றின் அடர்த்தியால் வருவது, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்).

எண்களை அளந்துதான் எடுக்கணும். நான் 20 மி.மீ. தடிமன் துண்டை ஒரு டக்டில் (காற்றுக் குழாயில்) செருகி, முன்னும் பின்னும் துளை போட்டு, கொத்தனார் வைத்திருக்கும் லெவல் ட்யூபில் தண்ணீர் ஊற்றி மாட்டினேன். காற்று நொடிக்கு 5 மீட்டர் போகும்போது தண்ணீர் 15 மி.மீ. ஏறி நின்றது, அதாவது சுமார் 145 பாஸ்கல். ஆனால் 1 மீட்டர் வேகத்தில் ஒரு மி.மீ. கூட வராது, கண்ணால் படிக்கவே முடியாது, அப்போது ட்யூபைச் சாய்த்து வையுங்கள், இல்லையென்றால் நாலைந்து துண்டை ஒட்டி அடுக்குங்கள். வேகம் என்பது டக்டின் முழுப் பரப்புக்கான வேகம், ஓட்டைக்குள் ஓடும் வேகம் இல்லை.

அப்புறம் எக்செலில் பூஜ்யம் வழியாகப் போகும் வளைகோடு: அழுத்த வீழ்ச்சி = 4 × வேகம் + 5 × வேகம்². முதல் எண்ணைக் காற்றின் பாகுநிலையாலும் (0.000018) தடிமனாலும் வகுத்தால் விஸ்கஸ் தடை, சுமார் 1.1 × 10⁷. இரண்டாவதை 2-ஆல் பெருக்கி, அடர்த்தியாலும் தடிமனாலும் வகுத்தால் இனெர்ஷியல் தடை.

நான் சறுக்கியது இந்த அடர்த்தியில்தான். சாஃப்ட்வேர் தானாக வைத்திருக்கும் 1.225 (கன மீட்டருக்குக் கிலோ) கடல் மட்டத்துக் காற்றின் அடர்த்தி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே அழுத்தம் 77 கிலோபாஸ்கல்தான், 15 டிகிரியில் அடர்த்தி 0.93. பாகுநிலை மட்டும் உயரத்தால் மாறுவதில்லை. சரியான இனெர்ஷியல் தடை 538, 1.225 போட்டதால் எனக்கு வந்தது 408. சிமுலேஷனிலும் அதே 1.225 இருந்ததால் ஒரு தப்பு இன்னொன்றை அடித்துவிட்டது, விடை அச்சு அசலாகப் பொருந்தியது, நானும் சந்தோஷமாக இருந்தேன். காற்று இதைவிட அடர்த்தியான கோயம்புத்தூருக்கு இறக்கி ஓட்டியபோதுதான் ப்ளோயர் திணறியது.

ஃபோமின் வெப்பக் கடத்தலுக்கு, உலோகத்தின் கடத்தல் எண்ணை ஃபோமில் உலோகம் இருக்கும் பங்கால் அப்படியே பெருக்கிப் போடாதீர்கள், கம்பிகள் வளைந்து வளைந்து போவதால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும்.

முதல் ரன்னில் அளந்த அதே டக்டையே வரையுங்கள். 5 மீட்டர் வேகத்தில் 145-க்குப் பதில் 82 வந்தால், அந்த 2-ஆல் பெருக்குவதை மறந்திருக்கிறீர்கள்.